கைமாறி வரும் பிராசஸர்: அசலை அறிவது எப்படி?



கொடுக்கல் வாங்கல் பற்றிய மார்க்கச் சட்டங்களை நாம் ஓதும்போது கோதுமை, பேரீத்தம்பழம், ஆடு, ஒட்டகம் ஆகியவையே உதாரணங்களாக வருகின்றன. மடியில் பாலைத் தேக்கி வைத்து விற்கப்படும் ஆட்டைப் பற்றி ஓதுகிறோம். அடியில் நனைந்து மேலே காய்ந்திருக்கும் தானியக் குவியலைப் பற்றி ஓதுகிறோம். இவையெல்லாம் அந்தக் காலத்துச் சந்தைக்கு உரியவை என்று எண்ணிக் கிதாபை மூடிவிடலாகாது. ஏமாற்று அன்றும் ஒன்றுதான், இன்றும் ஒன்றுதான். சாமான்தான் மாறியிருக்கிறது.

பிள்ளைகளின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்காத வீடு இன்று குறைவு. புதிது வாங்க எல்லோருக்கும் வசதியில்லை. வளைகுடாவில் உழைக்கும் தகப்பனார் அனுப்பிய பணத்திலோ, தாயார் கைவளையலை விற்ற பணத்திலோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்குகிறார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் இந்த வியாபாரம் தாராளமாக நடக்கிறது. பழைய சாமான் வாங்குவதும் விற்பதும் ஹலாலான வியாபாரமே. அதில் நாணயமாகப் பிழைப்பு நடத்துவோர் அநேகர். ஆனால், அந்தக் கம்ப்யூட்டரின் உயிர்நிலையான பிராசஸர் என்னும் சில்லு விஷயத்தில் நடக்கும் மோசடி, வாங்குபவரின் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. ஆகவே இம்மாதம் இதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். முதலில் சாமானை அறிவோம்; பிறகு சட்டத்தை அறிவோம்.

சாமான் என்ன?

பிராசஸர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரத் துண்டு. பச்சை நிறப் பலகை ஒன்றின் மேல் விரல்நகம் அளவுள்ள சிலிக்கன் சில்லு பொருத்தப்பட்டிருக்கும். அதன்மேல் வெள்ளி நிற உலோக மூடி ஒட்டப்பட்டிருக்கும். கம்பெனியின் பெயர், மாடல் எண், குறியீடுகள் யாவும் அந்த மூடியின் மேல் லேசர் ஒளியால் பொறிக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேலை செய்வது உள்ளே இருக்கும் சில்லு. நாம் வாசிப்பதோ வெளியே இருக்கும் மூடியை. இந்த இரண்டுக்கும் இடையிலேதான் மோசடிக்காரன் புகுந்துகொள்கிறான்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க, பழைய சாமான் சந்தையில் அடிக்கடி கைமாறும் இரண்டு இன்டெல் பிராசஸர்களை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒன்று கோர் ஐ7 3770. மற்றது கோர் ஐ5 3470. இரண்டும் 2012ஆம் ஆண்டில் வெளிவந்த 3ஆம் தலைமுறையைச் சேர்ந்தவை. இரண்டும் ஒரே 1155 வகை சாக்கெட்டில் உட்காரும். இரண்டிலும் 4 கோர்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஆனால் ஐ7 ஒரே நேரத்தில் 8 வேலை இழைகளை ஓட்டும்; ஐ5 நான்கை மட்டுமே ஓட்டும். ஐ7இல் கேச் நினைவகம் 8 மெகாபைட். ஐ5இல் 6 மெகாபைட். ஐ7இன் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.9, ஐ5இன் அடிப்படை வேகம் 3.2, உச்சம் 3.6. உள்ளே இருக்கும் படக்காட்சிப் பகுதி ஐ7இல் எச்டி 4000. ஐ5இல் எச்டி 2500. இந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இவைதான் நமக்குச் சாட்சிகளாக நிற்கப் போகின்றன.

ஏமாற்றும் வழிகள்

நாம் அறிந்தவரை இவை நான்கு வகைப்படும்.

முதல் வகை, எழுத்தை மாற்றுவது. மூடியின் மேல் உள்ள எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, உயர்ந்த மாடலின் பெயரைப் பொறிப்பார்கள். 1990களில் பென்டியம் சில்லுகள் புழங்கிய காலத்திலேயே, குறைந்த வேகச் சில்லின் மேல் கூடுதல் வேகத்தைப் பொறித்து விற்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியிருந்தது. பிற்பாடு சில்லின் வேகப் பெருக்கத்தைக் கம்பெனியே உள்ளே பூட்டிவிடத் தொடங்கியதால் அந்தக் குறிப்பிட்ட மோசடி குறைந்தது. எழுத்தை மாற்றும் பழக்கமோ நிற்கவில்லை.

இரண்டாம் வகை, மூடியை மாற்றுவது. பழுதான ஐ7 ஒன்றின் அசல் மூடியைக் கழற்றி, நல்ல ஐ5 ஒன்றின் மேல் ஒட்டிவிடுவார்கள். 2ஆம் தலைமுறைச் சில்லுகளில் மூடி பற்றாசு வைத்து இறுக்கப்பட்டிருந்தது. 3ஆம் தலைமுறையிலோ மூடிக்கும் சில்லுக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசைதான் உண்டு. ஆகவே கழற்றுவது சுலபம். இந்த வகையில் மூடி அசல், எழுத்தும் அசல். பொருள் மட்டும் வேறு!

மூன்றாம் வகை, சில்லே இல்லாத சில்லு. 2010 மார்ச்சில் அமெரிக்காவில் கோர் ஐ7 920 வாங்கிய சிலருக்கு வந்த பெட்டிகளில் பிராசஸருக்குப் பதிலாக உலோகத் துண்டும், விசிறிக்குப் பதிலாக வார்த்தெடுத்த பிளாஸ்டிக் உருவமும் இருந்தன. பெட்டியின் மேல் எழுத்துப்பிழைகளும் இருந்தன. 2017இல் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7 வாங்கியவர்கள் சிலருக்கு, ரைசன் பெயர் ஒட்டிய பழைய இன்டெல் செலரான் வந்து சேர்ந்தது. அந்த ரைசனின் அடியில் 1331 ஊசிகள் இருக்க வேண்டும். வந்ததிலோ ஓர் ஊசியும் இல்லை. பெட்டியில் வந்தது, பெரிய அங்காடியில் வாங்கியது என்பதாலேயே ஒரு பொருள் அசலாகிவிடாது என்பதற்கு இவை போதும்.

நான்காம் வகைதான் மிகவும் சூட்சுமமானது. இதில் பொய்யே சொல்லப்படுவதில்லை. "இது ஐ7 கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொல்வார்கள். எத்தனையாவது தலைமுறை என்று சொல்லமாட்டார்கள். 2009இல் வந்த ஐ7 860ம் ஐ7தான். மடிக்கணினிக்காக வந்த ஐ7 5500யு என்பதும் ஐ7தான். ஆனால் அதில் 2 கோர்கள் மட்டுமே உண்டு. 2022இல் வெளிவந்த ஐ3 12100இலோ 4 கோர்களும் 8 இழைகளும் உண்டு. அது மேற்சொன்ன பழைய ஐ7களை வேகத்தில் மிஞ்சிவிடும். சொல் உண்மை, வாங்குபவரின் மனதில் பதியும் கருத்து பொய். வாங்குபவர் தவறாக விளங்குகிறார் என்று தெரிந்துகொண்டே மௌனமாக இருப்பவர், தாம் பொய் சொல்லவில்லை என்று திருப்தி அடைய இடமில்லை.

முதற் சோதனை: வழியை விசாரித்தல்

ஹதீஸ் கலையில் நம் முன்னோர்கள் செய்தியின் வாசகத்தை மட்டும் பார்க்கவில்லை. அது யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்பதையும் பார்த்தார்கள். சாமான் விஷயத்திலும் இந்த நல்ல வழக்கம் உதவும். இது எங்கிருந்து வந்தது? அலுவலகம் ஒன்று ஒரே தடவையில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களில் ஒன்றா? தனி மனிதர் உபயோகித்ததா? தனியாகக் கழற்றி வந்த சில்லா? பில் உண்டா? கடைக்காரர் தாமே ஓட்டிப் பார்த்தாரா, அல்லது தமக்கு விற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா? நல்லவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு தவறான தகவலைச் சொல்வதும் உண்டு. அவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டாம். அவர் யாரிடமிருந்து பெற்றார் என்று கேட்டால் போதும்.

இரண்டாவது சோதனை: கண்ணும் விரலும்

நல்ல வெளிச்சத்தில், கூடுமானால் ஒரு பூதக்கண்ணாடியோடு மூடியைப் பாருங்கள். அசல் எழுத்து லேசர் பொறிப்பு. அது மெல்லியதாக, ஒரே சீராக, நேர்கோட்டில் இருக்கும். மையால் அச்சிட்ட எழுத்து என்றால், ஸ்பிரிட் அல்லது நகப்பூச்சு அகற்றும் திரவம் தொட்ட பஞ்சினால் துடைக்கும்போது கரையும். அசல் பொறிப்பு கரையாது. சாமான் இன்னும் உங்களுடையது ஆகவில்லை என்பதால், துடைப்பதற்கு முன் உரியவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடியின் மேற்பரப்பில் ஒரே திசையில் ஓடும் தேய்ப்புக் கோடுகள் உண்டா? மூலைகள் மழுங்கியிருக்கின்றனவா? மூடியின் விளிம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பசை சீராக இருக்கிறதா, அல்லது பிதுங்கியும் விட்டுவிட்டும் இருக்கிறதா? மூடி நேராக உட்கார்ந்திருக்கிறதா? பசையில் வெட்டுத் தடம் தெரிந்தால் அந்த மூடி கழற்றப்பட்டது என்று பொருள். வெப்பத்தைக் குறைப்பதற்காகவே மூடியைக் கழற்றிப் புதுப் பசை இடுவோரும் உண்டு. ஆகவே அதை வைத்து மட்டும் மோசடி என்று தீர்ப்புச் சொல்லிவிடாமல், காரணத்தைக் கேளுங்கள்.

அடுத்து குறியீடுகளை வாசியுங்கள். இன்டெல் சில்லின் மூடியில் மாடல் பெயரோடு ஐந்து எழுத்துள்ள ஒரு குறியீடு இருக்கும். நம் உதாரணத்தில் ஐ7 3770க்கு எஸ்ஆர்0பிகே என்றும், ஐ5 3470க்கு எஸ்ஆர்0டி8 என்றும் வரும். மேலே ஐ7 3770 என்றும் கீழே எஸ்ஆர்0டி8 என்றும் இருந்தால், அந்த மூடியே தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. எந்தக் குறியீடு எந்த மாடலுக்கு உரியது என்பதை இன்டெல் கம்பெனியின் இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம்.

கடைசி வரியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணும் பயனுள்ளது. அதன் முதல் எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண். அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. எல்234 என்று தொடங்கினால் மலேசியா, 2012, 34ஆவது வாரம். ஆண்டு இலக்கம் 0 என்றிருந்தால் 2010 ஆகவேண்டும் அல்லது 2020 ஆகவேண்டும். முன்னதில் இந்த மாடல் பிறக்கவில்லை, பின்னதில் தயாரிப்பில் இல்லை. வார எண் 60 என்றிருந்தாலோ, அப்படி ஒரு வாரம் எந்த ஆண்டிலும் கிடையாது. ஏஎம்டி சில்லுகளில் இது இன்னும் தெளிவு: 1709 என்றால் 2017ஆம் ஆண்டின் 9ஆவது வாரம்.

மூடியில் எஸ்ஆர் என்று தொடங்காமல் க்யூ என்று தொடங்கும் குறியீடு இருந்தாலோ, மாடல் எண்ணே இல்லாமல் இருந்தாலோ, அது பரிசோதனைக்காகத் தயாரிக்கப்பட்ட மாதிரிச் சில்லாக இருக்கலாம். இவற்றைத் தன் சொத்து என்றே இன்டெல் கம்பெனி கூறுகிறது. பிற கம்பெனிகளுக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுக்கிறதே தவிர விற்பதில்லை. தனக்குச் சொந்தமில்லாததை விற்பது எப்படிப்பட்டது என்பதை மார்க்கம் அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக அடிப்பகுதி. ஏஎம்டி ஏஎம்4 வகைச் சில்லில் ஊசிகள் சில்லிலேயே இருக்கும். ஒவ்வொரு வரிசையையும் பக்கவாட்டில் பார்த்து வளைந்தது, ஒடிந்தது உண்டா என்று கவனியுங்கள். மேற்சொன்ன இன்டெல் சில்லில் தட்டையான பொட்டுகள்தாம் இருக்கும். ஊசிகள் மதர்போர்டில் இருக்கும். பொட்டுகளில் கருகல், கீறல் உண்டா என்று பாருங்கள்.

மூன்றாவது சோதனை: சில்லையே பேச வைத்தல்

இதுவரை பார்த்தது மூடியின் பேச்சு. மூடியை மாற்றியிருந்தால் இவ்வளவு சோதனையும் வீண். எனவே ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யலாகாது.

ஒவ்வொரு சில்லுக்குள்ளும், தன்னை யார் என்று கேட்டால் பதில் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்குச் சிபியுஐடி என்று பெயர். இன்டெல் சில்லைக் கேட்டால் 'ஜெனுயின் இன்டெல்' என்று பதில் வரும். ஏஎம்டி சில்லைக் கேட்டால் 'ஆத்தென்டிக் ஏஎம்டி' என்று வரும். ஆங்கிலத்தில் இரண்டும் சரியாக 12 எழுத்துகள். "நான் அசல்" என்று சில்லே சாட்சி சொல்வது போன்றது இது. பிறகு அதன் குடும்ப எண், மாடல் எண், கோர்கள், கேச் அளவு ஆகியவற்றையும் சொல்லும். இவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பிரசித்தமானது.

ஆனால் இங்கேயும் ஜாக்கிரதை தேவை. விண்டோஸ் திரையில் காணும் பிராசஸர் பெயரை, விண்டோஸின் பதிவேட்டில் கைவைத்து மாற்றிவிட முடியும். ஏஎம்டி சில்லுகளில் பெயர் வாசகத்தையே மென்பொருளால் மாற்றி எழுத வழியுண்டு. ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறாமல் குணத்தைப் பாருங்கள். கடைக்காரரின் விண்டோஸை நம்புவதைவிட, உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை உங்கள் சொந்தப் பென்டிரைவில் கொண்டுபோய், அதிலிருந்து கம்ப்யூட்டரை ஓட்டுவது மேல். அதில் 'எல்எஸ்சிபியு' என்று கட்டளை இட்டால் விவரம் வரும். குடும்பம் 6, மாடல் 58 என்று வந்தால் அது 3ஆம் தலைமுறைதான். ஒரு கோருக்கு இழை 2, எல்3 கேச் 8 மெகாபைட் என்று வந்தால் ஐ7 3770க்குப் பொருந்தும். இழை 1, கேச் 6 என்று வந்தால், மூடியில் எந்தப் பெயர் ஜொலித்தாலும் அது ஐ7 அல்ல.

அதே சமயம், அவசரப்பட்டு விற்பவரின் மேல் பழிசுமத்துவதும் பாவமே. சில விஷயங்கள் மோசடி போலத் தோன்றும், மோசடியாக இராது.

இழைகள் 4 மட்டும் தெரிகின்றனவா? பயாஸ் அமைப்பில் இழைப்பெருக்க வசதியை யாரோ நிறுத்தி வைத்திருக்கலாம். கேச் அளவைப் பாருங்கள். அது 8 என்று இருந்தால் சில்லு ஐ7தான். வேகம் 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறதா? வேலையில்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வேலை கொடுத்துப் பார்த்தால் ஏறும். கம்ப்யூட்டர் எழும்பவே இல்லையா? 2ஆம் தலைமுறைக்காக வந்த மதர்போர்டுகளில் பயாஸ் புதுப்பிக்கப்படாவிட்டால் 3ஆம் தலைமுறைச் சில்லை அவை ஏற்காமல் போகலாம். வேறொரு போர்டில் பூட்டிப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

மூடியில் உள்ள வரிசை எண்ணைச் சில்லுக்குள் இருக்கும் எண்ணோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கலாம். 1999இல் வந்த பென்டியம் 3இல் அப்படியொரு எண் உள்ளேயே இருந்தது. தனிமனிதரின் அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று பலத்த எதிர்ப்பு எழுந்ததால், பின்வந்த சில்லுகளில் அதைக் கைவிட்டார்கள். ஆகவே அந்த வழி நமக்கில்லை. மேற்சொன்ன குணங்களே சாட்சி.

அசல்தான், ஆனால் நல்லதா?

அசல் என்பது வேறு, பழுதில்லாதது என்பது வேறு. அசல் ஆடும் நோயுற்றிருக்கலாம் அல்லவா?

பிரைம்95 போன்ற மென்பொருளைக் குறைந்தது அரைமணி நேரம் ஓட்டி, கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறதா, கணக்கில் பிழை காட்டுகிறதா, வெப்பம் எல்லை கடந்து வேகம் விழுகிறதா என்று பாருங்கள். நினைவகப் பலகைகளை எல்லாச் செருகிகளிலும் மாற்றிப் பூட்டி, அத்தனையும் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஓர் ஊசி வளைந்திருந்தாலும் ஒரு பக்கத்து நினைவகம் முழுவதும் தெரியாமல் போவதுண்டு.

புதிய சில்லுகளிலும் இதற்கு உதாரணம் உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கம்ப்யூட்டர் பிராசஸர்கள் சிலவற்றில், மிகையான மின்னழுத்தத்தால் சில்லு நாளடைவில் பலவீனமடையும் குறை 2024இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் அவ்வாண்டு ஆகஸ்டிலும் அதன் பின்னரும் வந்தது. பெட்டியில் விற்கப்பட்டவற்றுக்கு உத்தரவாதம் மேலும் 2 ஆண்டு நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பலவீனமடைந்த சில்லை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. எனவே அத்தலைமுறையில் பழையது வாங்குவோர் மேற்சொன்ன சோதனையை விட்டுவிடலாகாது.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 3ஆம் தலைமுறைச் சில்லுகள் விண்டோஸ் 11க்கு ஏற்கப்பட்டவற்றின் பட்டியலில் இல்லை. லினக்ஸ் போட்டு உபயோகிப்பவருக்கு இதனால் தொல்லையில்லை. ஆனால் பிள்ளையின் கல்லூரிப் பாடத்துக்கு விண்டோஸ் 11தான் வேண்டும் என்றிருந்தால், வாங்கும் முன்பே இதை அறிந்துகொள்ள வேண்டும். விற்பவரும் சொல்ல வேண்டும்.

மார்க்கம் தரும் பாதுகாப்பு

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். இதில் இரண்டு பாடங்கள் உண்டு. விற்பவர் ஈரத்தை மேலே வைக்கக் கடமைப்பட்டவர் என்பது ஒன்று. மேலே காய்ந்திருப்பதைப் பார்த்துத் திருப்தி அடையாமல் உள்ளே கைவிட்டுப் பார்ப்பது அவநம்பிக்கை ஆகாது என்பது மற்றொன்று. "பாய் கடையில் போய்ச் சோதித்துப் பார்ப்பதா? மரியாதையாக இருக்குமா?" என்று நம்மில் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். நாணயமான வியாபாரி சோதனையை விரும்புவார்.

அடுத்து, பலரும் அறியாத ஓர் உரிமை. வாங்கிய சாமானைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஏற்கவோ திருப்பவோ உரிமை வேண்டும் என்று பேசி வாங்குவதற்குக் 'கியாருஷ் ஷர்த்' என்று பெயர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகிய இருவரின் கருத்துப்படியும் இந்தக் கெடு மூன்று நாட்கள் வரை செல்லும். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துகொண்டிருந்த ஒரு தோழருக்கு, வாங்கும்போதே 'ஏமாற்று இல்லை' என்று சொல்லி வாங்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததையும் நாம் அறிவோம். ஆகவே பழைய பிராசஸர் வாங்கும்போது, "மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பேன், சொன்ன மாடல் இல்லையென்றால், அல்லது எனக்குத் திருப்தியில்லையென்றால் திருப்பித் தருவேன்" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மாடல் பெயர், மூடியில் உள்ள குறியீடு, கெடு ஆகிய மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கடன் விஷயத்தில் எழுதிக்கொள்ளக் கற்ற சமுதாயம் இதில் சோம்பலாகாது.

கெடு பேசாமல் வாங்கியிருந்தாலும், விற்பதற்கு முன்பே இருந்த குறை பிறகு தெரியவந்தால் திருப்பும் உரிமை உண்டு. இது 'கியாருல் ஐப்'. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். குறை தெரிந்ததும் தாமதிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் காரணமின்றித் தாமதித்தால் உரிமை போய்விடும். ஹனஃபி மத்ஹபில் குறை தெரிந்த பின்னும் சாமானைத் தமதாக ஏற்றுக்கொண்டது போல் நடந்தால் உரிமை போய்விடும். இரண்டாவது, வாங்கியவர் கையில் புதுப் பழுது ஏற்படக் கூடாது. எனவே சந்தேகம் வந்தவுடன் மூடியைப் பெயர்த்துப் பார்ப்பது, எழுத்தைச் சுரண்டிப் பார்ப்பது முதலியவற்றில் இறங்காதீர்கள்.

ஏமாந்தவர் அதை விற்கலாமா?

இது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. ஐ7 என்று பணம் கொடுத்து வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐ5. விற்றவரைத் தேடினால் ஆளில்லை. "நான் கொடுத்த பணத்தை நான் எடுக்க வேண்டாமா? எனக்கு ஐ7 என்று விற்றார்கள், நானும் ஐ7 என்றே விற்றுவிடுகிறேன்" என்கிறார்.

அவர் நஷ்டப்பட்டது உண்மை. அவர் மேல் நமக்கு அனுதாபமும் உண்டு. ஆனால் அவர் பணத்தை எடுத்தவன் ஒருவன். இப்போது பணம் கொடுக்கப் போகிறவர் வேறொருவர். ஒருவன் செய்த அநியாயத்துக்கு மற்றொருவரிடம் ஈடு வாங்க மார்க்கத்தில் இடமில்லை. அறியாமல் வாங்கியபோது அவர் ஏமாற்றப்பட்டவர். அறிந்து விற்கும் நிமிடத்திலிருந்து அவர் ஏமாற்றுபவர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வார்த்தைதான்: "மூடியில் ஐ7 என்று இருக்கிறது; உள்ளே இருப்பது ஐ5" என்ற வார்த்தை. அதைச் சொல்லி, ஐ5இன் விலைக்கு அவர் தாராளமாக விற்கலாம். நஷ்டம் கொஞ்சம் வரும், பரக்கத் போகாது. வெறும் வாயால் சொல்வதோடு நிற்காமல், மூடியில் உள்ள பொய்யெழுத்தின் மேல் அழியாத மையினால் உண்மையை எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் இவர் உண்மை சொல்லி விற்றதை, அடுத்தவர் பொய் சொல்லி விற்கக்கூடும்.

தெரிந்தே விற்றுவிட்டவர் என்ன செய்வது? தவ்பா செய்தால் மட்டும் தீராது. இது மனிதர்களின் ஹக்கு. வாங்கியவரைத் தேடிப்பிடித்து உண்மையைச் சொல்லி, அவர் விரும்பினால் சாமானைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க வேண்டும். அல்லது அவர் சம்மதித்தால் விலை வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் பேசினால் அந்தப் பரக்கத் அழிக்கப்பட்டுவிடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இதற்குமேல் ஒரு வியாபாரிக்கு என்ன உபதேசம் வேண்டும்?

சுருக்கம்

வாங்கச் செல்லும் சகோதரர்கள் கீழ்க்கண்டவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. ஐ7, ஐ5 என்ற பெயரோடு நில்லாமல் முழு மாடல் எண்ணையும் தலைமுறையையும் கேளுங்கள்.

2. மூடியில் உள்ள மாடலும் குறியீடும் வார எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

3. தேய்ப்பு, பசை, ஊசி, பொட்டு ஆகியவற்றைப் பாருங்கள்.

4. சொந்தப் பென்டிரைவில் இருந்து ஓட்டி, கோர், இழை, கேச் ஆகியவற்றை எழுதி வைத்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

5. அரைமணி நேரமாவது கடின வேலை கொடுத்துப் பாருங்கள்.

6. மூன்று நாள் கெடு பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள்.

7. குறை தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அதை மறைத்து அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.

இவற்றை நீங்களே செய்யத் தெரியாவிட்டால், விவரம் அறிந்த ஒரு வாலிபரைக் கூட்டிச் செல்லுங்கள். மஹல்லாதோறும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு ஏழைத் தகப்பனாரோடு கடைவீதிக்குப் போய், அவருடைய பணம் வீணாகாமல் பார்த்துக்கொள்வது சதக்காவுக்குரிய நற்செயல் என்பதை அந்த வாலிபர்களும் உணர வேண்டும்.

நம்முடைய கொடுக்கலையும் வாங்கலையும் மோசடியிலிருந்து காத்து, ஹலாலான சம்பாத்தியத்தில் வல்ல நாயன் நமக்கு பரக்கத் செய்தருள்வானாக! ஆமீன்.